எமிலி டிக்கின்சனும் ஊர் வாயும்

வணக்கம் மக்களே. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? வெள்ளை உடை, சாத்திய கதவு, காதல் தோல்வி. கவிதை நாலாவதாகத்தான் வரும். அது எப்படி அப்படி ஆனது என்று இன்றைக்குப் பேசலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்றொரு சின்ன ஊர். 1881-இல் மேபல் லூமிஸ் டாட் என்ற இளம்பெண் கணவரோடு அங்கே குடிவருகிறார். வந்த சில மாதங்களுக்குள் பெற்றோருக்கு ஒரு கடிதம். இங்கே ஒரு அம்மாள் இருக்கிறாராம், ஊரார் அவரை 'மித்' என்கிறார்களாம், அதாவது கட்டுக்கதை. பதினைந்து வருடமாக வாசல் தாண்டவில்லையாம். ஒரே ஒரு தடவை, புதுத் தேவாலயத்தைப் பார்க்க ராத்திரியில் நிலா வெளிச்சத்தில் போனாராம். எப்போதும் வெள்ளை உடைதானாம்.

அந்த அம்மாள்தான் எமிலி. கடிதம் எழுதிய டாட் அவரைப் பார்த்ததே இல்லை. பிறகு எமிலியின் வீட்டுக்கே போய் பியானோ வாசித்துப் பாடியிருக்கிறார். எமிலி உள்ளே மறைவில் நின்று கேட்டுவிட்டு, குடிக்க ஒயினும் ஒரு கவிதையும் கொடுத்தனுப்பினார். கடைசிவரை முகம் காட்டவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வம்பில் பொய் குறைவு. பிற்காலத்தில் அவர் வெளியே போகாதது உண்மை. ஜன்னலிலிருந்து கூடையில் இஞ்சி கேக்கைக் குழந்தைகளுக்கு இறக்கியதும் உண்மை. வம்பு எதை விட்டுவிடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1856-இல் ஊர்க் கண்காட்சியில் இவர் சுட்ட ரொட்டிக்கு இரண்டாம் பரிசு. கண் சிகிச்சைக்காக 1864, 65-இல் மாதக்கணக்கில் பாஸ்டன் பக்கம் போய்த் தங்கியிருக்கிறார். இவர் எழுதிய கடிதங்களில் கிடைத்தவை மட்டுமே ஆயிரத்துக்கு மேல். ஆளோடு பேசாதவர் என்று இவரை எப்படிச் சொல்வது?

அந்த வெள்ளை உடை ஒன்று இன்னும் இருக்கிறது. பேயும் இல்லை, மணப்பெண்ணும் இல்லை. முன்பக்கம் பொத்தான் வைத்த சாதாரண வீட்டு உடை. அதில் ஒரு பாக்கெட் உண்டு. கிழிந்த உறையிலும் சாக்லேட் காகிதத்திலும் கவிதை எழுதியவர், அதில் பென்சிலும் துண்டுக் காகிதமும்தான் வைத்திருப்பார் என்பது என் ஊகம். பாருங்கள், நானும் ஆரம்பித்துவிட்டேன்.

காதல் கதைக்கு வருவோம். 'மாஸ்டர்' என்று விளித்து எழுதிய மூன்று கடித வரைவுகள் கிடைத்தன. அவ்வளவுதான், பாதிரியாரா, பத்திரிகை ஆசிரியரா என்று இன்றுவரை ஆள் தேடுகிறார்கள். தேடட்டும். ஆனால் அதே மாசசூசெட்ஸில் ஏரிக்கரையில் குடிசை போட்டு இரண்டு வருடம் தனியாக இருந்த எழுத்தாளர் தோரோவை நாம் தத்துவஞானி என்கிறோம். பெண் கதவைச் சாத்தினால் மட்டும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றாகிவிடுகிறது. ஏறத்தாழ 1,800 கவிதைகள், மக்களே! வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு இவ்வளவு எழுத, வருகிறவர்களிடம் எல்லாம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியுமா?

1886-இல் எமிலி இறந்தார். 1890-இல் முதல் தொகுப்பு வந்தது. பதிப்பித்த இருவரில் ஒருவர் யார் தெரியுமா? அதே டாட்தான். உழைத்துத்தான் கொண்டுவந்தார், மறுக்கவில்லை. அப்புறம் மேடைகளில் எமிலியைப் பற்றிப் பேசவும் செய்தார்.

தினம் தினம் முகம் பார்த்தவர் மார்கரெட் மேஹர், அந்த வீட்டின் ஐரிஷ் பணிப்பெண். கவிதைக் கட்டுகள் இருந்தது அவருடைய பெட்டியில். நானாக இருந்தால் முதலில் அவரிடம் போயிருப்பேன்: அடுப்படியில் அந்த அம்மாள் எதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார் என்று கேட்க.