ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு சித்திர நாவல்

அவையோருக்கு என் பணிவான வணக்கம்.

பிரேசில் நாட்டு இரட்டைச் சகோதரர்களான ஃபாபியோ மூனும் கேப்ரியல் பாவும் இணைந்து படைத்த ‘டேட்ரிப்பர்’ என்னும் சித்திர நாவலைப் பற்றிப் பேசவே இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகருக்கு என்னை அழைத்திருக்கிறீர்கள். பத்து இதழ்களாக வெளிவந்து, சித்திரக் கதைகளுக்கான ஐஸ்னர் விருதை 2011இல் பெற்ற படைப்பு இது.

இதன் நாயகன் பிராஸ், நாளேடொன்றில் இறந்தவர்களைப் பற்றிய குறிப்புகளை எழுதுபவன். புகழ்பெற்ற எழுத்தாளரான தந்தையின் நிழலில், தானும் ஒரு நாவல் எழுதவேண்டும் என்ற ஏக்கத்தோடு வாழ்பவன். முதல் அத்தியாயத்தின் முடிவில் 32 வயதில் அவன் இறந்துவிடுகிறான். அடுத்த அத்தியாயத்தில் 21 வயது இளைஞனாக உயிரோடிருந்து, மீண்டும் இறக்கிறான். பிறகு 28, பிறகு 41. ஒவ்வொரு சாவின் அடியிலும் அவனைப் பற்றிய இறப்புக் குறிப்பு சில வரிகளில் வருகிறது.

இதை ஒரு கதை வித்தையாக எண்ணித்தான் நான் படித்துக்கொண்டு போனேன். ஐந்தாம் அத்தியாயத்தில் பதினொரு வயதுச் சிறுவனாகப் பாட்டன் பாட்டி வீட்டுக்கு வந்திருக்கும் பிராஸ், மின்கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்கப் போன இடத்தில் அந்த எண்ணம் என்னை விட்டுப் போயிற்று. அந்த அத்தியாயத்தில் சாவுக்குக் கிடைப்பது மிகச் சிறிய இடமே; மற்றப் பக்கங்களையெல்லாம் உறவினர் கூடிய வீடும், பிள்ளைகளின் ஓட்டமும், பட்டம் ஏறிய வானமுமே நிறைத்திருக்கின்றன. நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் பட்டம் விட்டவர்களே என்பதால், அந்தப் பக்கத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

என் பாட்டி இறந்தபோது நாங்களும் நாளேட்டில் மரண அறிவித்தல் கொடுத்தோம். ‘அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் ஆவார்’ என்ற வழக்கமான வாசகத்துக்குள் பெயர்கள் எல்லாம் அடங்கின, பாட்டி அடங்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கிடத்தியிருந்த உடலின் தலைமாட்டில் அமர்ந்து, அவருடன் நாற்பது ஆண்டுகள் ஒரே மலையில் கொழுந்தெடுத்த பக்கத்துக் காம்பராப் (அறை வீட்டுப்) பெண்மணி ஒப்பாரி சொல்லத் தொடங்கிய பிறகே, கொட்டும் மழையில் பாட்டி தன் கம்பிளியை அவருக்குப் போர்த்திவிட்டு நனைந்தபடியே கூடையோடு நிறுவைக்கு நடந்ததும், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த அவருக்கென்று தினமும் பாதி ரொட்டியை முடிந்துகொண்டு வந்ததும் எங்களுக்குத் தெரியவந்தன. பெற்ற பிள்ளைகளே அறியாத செய்திகள் அவை. பிராஸைப் பற்றிய குறிப்புகள் நாளேட்டின் வடிவில் எழுதப்பட்டிருந்தாலும் ஒப்பாரியின் வேலையையே செய்கின்றன என்பதும், ஆகவே இந்நூலைப் படிக்க மலையகத்தாருக்கு வேறொரு தகுதி இருக்கிறது என்பதும் என் துணிபு.

நிறைவு அத்தியாயத்தில் 76 வயது முதியவரான பிராஸுக்கு, தந்தை பல்லாண்டுகளுக்கு முன் எழுதிய கடிதம் மகனின் கையால் வந்து சேருகிறது. அதைப் பலர் புகழ்வர். என் மனம் எட்டாம் அத்தியாயத்திலேயே நிற்கிறது. 47 வயதுப் பிராஸ் அதில் வீட்டில் இல்லை; வெளியூர்ப் பயணத்தில் இருக்கும் அவன், மனைவிக்கும் சிறுவனான மகனுக்கும் எழுதும் கடிதங்களாகவும் குறிப்புகளாகவும் மட்டுமே அங்கே வாழ்கிறான். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இந்தியாவுக்குக் கோச்சியேறிய (ரயிலேறிய) உறவினரைக் கடிதங்களில் மட்டுமே வைத்திருந்த குடும்பங்கள் நம்முடையவை. வளைகுடா நாட்டில் வீட்டுவேலை செய்யும் தாயின் குரலைத் தொலைபேசியில் கேட்டு வளரும் பிள்ளைகள் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள். இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

அந்த எட்டாம் அத்தியாயத்தை இப்போது திரையில் காட்டும்படி கேட்டிருக்கிறேன். எழுத்தே இல்லாத படங்கள் வரும்போதும் பக்கத்தை அவசரமாகத் திருப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.