உச்சிப்புளிக் கிணற்றுத் தண்ணீர்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மார்களே, ராமநாதபுரம் அரண்மனை வாசலில் இந்நேரம் வரை பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஓய்வுக்காலத்தில் நம் கடலோரத்துக்குக் குடிவருவது சுகமா, சுமையா?" இதுதான் கேள்வி. சுகமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய மதுரை அண்ணன் நான்கு விஷயங்களைச் சொன்னார். தண்ணீர் உப்பு. இரும்பெல்லாம் துரு. புயல் வந்தால் போக்கிடம் இல்லை. நெஞ்சுவலி வந்தால் பெரிய ஆஸ்பத்திரி மதுரையில். "கடலைப் பார்க்க வாருங்கள், கடலோரம் வாழ வராதீர்கள்" என்று முடித்தார். நன்றாகத்தான் பேசினார். அவர் சொன்ன நான்கும் நடப்பவைதான், அவற்றை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சுமையில் பெரும்பகுதி இந்தக் கரையில் கிடந்தது அல்ல. வருகிறவர்கள் ஊரிலிருந்து தூக்கிவருவது. நானும் தூக்கி வந்தேன். அதனால்தான் தெரியும்.

நான் குன்னூரில் 26 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். 2019 ஜூனில் நானும் என் வீட்டுக்காரரும் உச்சிப்புளிக்கு வந்தோம். அவருக்கு மூட்டுவலி. மலையில் மார்கழி, தை மாதங்களில் காலை எட்டு மணி வரை கட்டிலை விட்டு இறங்க மாட்டார். விரலை மடக்க அரைமணி நேரம் ஆகும். கடல் காற்று நோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்கு வலி இன்னும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. ஆனால் இங்கே விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து தானே வாசல் கதவைத் திறக்கிறார். மலையில் அந்தக் கதவை நான்தான் திறப்பேன். எனக்கு அது பெரிய விஷயம்.

உச்சிப்புளி எங்கே இருக்கிறது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எதிரணிக்காகச் சொல்கிறேன். நிலம் ஒடுங்கி மண்டபத்தை நோக்கி நீளுகிற இடம். வடக்கே சைக்கிளை மிதித்தால் அரியமான் கடற்கரை, பாக் நீரிணை. தெற்கே மிதித்தால் புதுமடம், மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்துக்காரர்கள் வடகடலைப் பெண் கடல் என்பார்கள், தென்கடலை ஆண் கடல் என்பார்கள். சோழகம் என்கிற தென்காற்று வீசுகிற ஆனி, ஆடியில் தென்கடல் இரையும், வடகடல் தட்டில் ஊற்றிய பால்போல் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் நிலைமை மாறும், வடகடல் கொதிக்கும். ஆண்டில் எந்த மாதத்திலும் ஏதோ ஒரு பக்கம் அமைதியான தண்ணீர் உண்டு. இப்படி ஒரு கரை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வெயில் தாங்காது என்றும் அண்ணன் இடையில் ஒரு வரி சொன்னார். மதுரையிலும் திருச்சியிலும் 40 டிகிரியைத் தாண்டுகிற சித்திரை நாட்களில் பாம்பனில் 35, 36ஐ ஒட்டியே நிற்கும். இரண்டு பக்கமும் கடல் இருப்பதால் பகல் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆனால் ராத்திரி இறங்கவும் இறங்காது. வைகாசியில் நள்ளிரவிலும் 27, 28தான். மேலே ஈரக்காற்று. முதல் வருஷம் தூங்காமல் விழித்திருந்து அழுதிருக்கிறேன். காற்று வரும் திசையில் ஜன்னல் இல்லாத வீட்டை வாடகைக்கு எடுத்தது எங்கள் தவறு. தெற்கும் வடக்கும் திறந்த வீட்டுக்கு மாறியபின் சோழகம் உள்ளே வந்தது, தூக்கமும் வந்தது.

இனி தண்ணீருக்கு வருகிறேன். அண்ணன் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான், நானும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன். மணியைக் கொஞ்சம் பொறுத்து அடியுங்கள் ஐயா.

ராமநாதபுரம் என்றாலே தண்ணீர் இல்லாத காடு என்று பெயர். பெண் கொடுக்க யோசிப்பார்கள், மாற்றல் உத்தரவு வந்தால் அழுவார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாய் வழியாக வருகிறது, அது வராத நாட்களும் உண்டு. ஆனால் கடலோர மணல் ஊர்களில் என்ன நடக்கிறது தெரியுமா? மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீருக்கு எடை குறைவு, உப்புத் தண்ணீருக்கு எடை அதிகம். எண்ணெய் தண்ணீர்மேல் நிற்பதுபோல் நிற்கும். அதனால்தான் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பத்துப் பன்னிரண்டு அடியில் இனிப்புத் தண்ணீர் கிடைக்கிறது. தென்னந்தோப்பு எல்லாம் அதைக் குடித்துத்தான் நிற்கிறது.

கணக்கு டீச்சர் என்பதால் இதை மட்டும் எண்ணில் சொல்லிவிடுகிறேன். கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்து அப்படியே நிலைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். நூறு, நூற்றைம்பது அடிக்கு ஆழ்துளை போட்டு, அதிகக் குதிரைத்திறன் மோட்டார் வைத்து, மாடித்தொட்டி நிரம்பி வழிய வழிய இறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். எங்கள் தெருவிலேயே வெளியூரிலிருந்து வந்து பெரிய வீடு கட்டியவர் அப்படித்தான் போட்டார். இரண்டாம் கோடையில் அவர் வீட்டுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. மூன்றாம் கோடையில் வாழை கருகியது. பக்கத்து வீட்டு ஆத்தாவின் கிணறும் கரித்துப்போனது, அதுதான் கொடுமை. மூன்று தலைமுறை குடித்த கிணறு.

நாங்கள் வீடு வாங்கியபோது நானும் ஆழ்துளை போடத்தான் ஆள் பேசி வைத்திருந்தேன். அந்த ஆத்தா வந்து நின்று கேட்டார்: "ஏத்தா, குடிக்கிறதுக்குத் தோண்டுறியா, உறிஞ்சுறதுக்குத் தோண்டுறியா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பிறகு உறை இறக்கிப் பதினான்கு அடியில் கிணறு வெட்டினோம். கயிறும் வாளியும்தான். மாடித்தொட்டிக்கு ஒரு சின்ன மோட்டார், காலையில் கால்மணி நேரம். மாடியில் விழும் மழை முழுவதும் ஒரு குழியில் இறங்கி மணலுக்குள் போகிறது. இந்த மாவட்டத்துக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த இரண்டு மாதத்தைப் பிடித்து வைக்கிறவனுக்கு மீதிப் பத்து மாதம் உண்டு. எங்கள் கிணறு இன்றுவரை கரிக்கவில்லை. ஆத்தா கிணறும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்கிறார்கள். அது எங்களால்தான் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன், அந்தப் பெரிய வீட்டுக்காரரும் இறைப்பதைக் குறைத்துவிட்டார்.

"எல்லோரும் குடிவந்தால் அந்தத் தண்ணீர் தாங்குமா?" என்று அண்ணன் கேட்டார். தாங்காது. அதனால் நான் எல்லோரையும் கூப்பிடவில்லை. வாளியோடு வரத் தயாராக இருப்பவர்களைக் கூப்பிடுகிறேன்.

துரு. ஆமாம், பாம்பன் பக்கம் இரும்பு அரிப்பதைப்போல் உலகத்தில் சில இடங்களில்தான் அரிக்கும் என்பார்கள். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் நூறாண்டுக்கு மேல் நின்றது, ஓயாமல் பெயிண்ட் அடித்து அடித்து நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட்டிருக்கிறார்கள். கடல் என்ன செய்யும் என்று தெரிந்து கட்டினார்கள். நாம் மட்டும் கோயம்புத்தூரில் கட்டிய அதே வீட்டை, அதே கிரில் கதவோடு, கரிக்கிற தண்ணீரிலேயே கான்கிரீட் கலந்து கட்டுவோம். ஐந்தாம் வருஷம் கம்பி வீங்கிக் கூரை பெயர்ந்து விழுந்ததும் கடலைத் திட்டுவோம். கீழக்கரையில் பழைய வீடுகளைப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து, மரத்தூண், உயர்ந்த கூரை, நடுவில் முற்றம். அந்தக் காலத்தில் பவளக்கல்லையும் வைத்துக் கட்டினார்கள், அதை இன்று தொடக்கூடாது, தொடவும் வேண்டாம். ஆனால் சுண்ணாம்புக்கும் பனைமரச் சட்டத்துக்கும் தடை இல்லையே.

புயலைப் பற்றிப் பேசும்போது என் குரல் தணிகிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனது. ஓடிவந்த ரயில் பயணிகளோடு போனது. அந்தப் பேரைச் சொல்லி வாதம் ஜெயிக்க நான் விரும்பவில்லை, எதிரணியும் அப்படி ஜெயிக்கக் கூடாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து நம் கரைக்கு அருகிலேயே நகராமல் நின்றது. நானும் அவரும் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கினோம், எங்களோடு முப்பது குடும்பம். எத்தனை நாள் முன்னால் எச்சரித்தார்கள், யார் வீட்டு வயதானவரை யார் தூக்கிவர வேண்டும் என்று ஊர்க்காரர்கள் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்பதை அப்போது பார்த்தேன். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்று நான் நடந்து பார்த்தேன். பழைய வீடுகள் மணல் மேட்டில் இருந்தன. தண்ணீர் நின்றது பள்ளத்தைத் தூர்த்துப் போட்ட புது மனைகளில்.

மனை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "கடல் பார்த்த மனை" என்று நோட்டீஸ் அடித்து விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். மக்கள் நெருக்கம் குறைந்த ஊர்ப்புறத்தில் அதில் முதல் 200 மீட்டரில் வெளியூர்க்காரர் புதுவீடு கட்ட இடமே இல்லை. சட்டத்தை விடுங்கள், அந்த மணல் யாருடையது? வலை காய்கிற இடம் அது, கருவாடு உலர்கிற இடம். பாசி எடுக்கப் போகும் பெண்கள் விடிவதற்கு முன்னால் நடந்துபோகிற வழி. அதில் வேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டும் போட்டுவிட்டு, "இங்கே பழக ஆள் இல்லை" என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஊருக்குள் ஒரு பழைய வீட்டில் ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். ஒரு சித்திரை வைகாசியும் ஒரு ஐப்பசி கார்த்திகையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் நகரை மீனும் ஊளி மீனும் எந்த நேரத்தில் கரைக்கு வரும், பதநீர் எந்தத் திருப்பத்தில் நிற்கும், யார் வீட்டில் குண்டு மிளகாய் அரைத்துக் கிடைக்கும் என்று அதற்குள் தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் மூட்டை கட்டுங்கள், நஷ்டம் வாடகை மட்டும்தான்.

ஆஸ்பத்திரி. இந்த வாதத்தில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முன்பு இருந்த நிலைமை இல்லை. ஆனாலும் போன வருஷம் ஒரு ராத்திரி என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டியபோது மதுரைக்குத்தான் அனுப்பினார்கள். எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பரமக்குடி தாண்டும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மலையிலேயே இருந்திருக்கலாமோ" என்று யோசித்தேன். நல்லவேளை, பிழைத்தார். மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளிக்கு இந்தக் கரை சுமைதான், அவர்களை வரச்சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த ராத்திரி ஆட்டோவை ஓட்டி ராமநாதபுரம் வரை கொண்டுவந்தது புதுமடத்துத் தம்பி. வண்டிக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் எங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது அவர் வீட்டுக்காரி. குன்னூரில் 26 வருஷம் இருந்தேன், மாடி வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது.

வீடு திரும்பியதும் அவரிடம், "மதுரைக்கே போய்விடலாமா?" என்று கேட்டேன். "விடியற்காலை கதவை யார் திறப்பா?" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

மணி அடித்துவிட்டது, ஐயா, பார்த்துவிட்டேன். ஒரு நிமிடம். இந்தச் செம்பில் இருப்பது இன்று மதியம் எங்கள் கிணற்றில் நான் இறைத்த தண்ணீர். அண்ணன் தண்ணீர் உப்பு என்றார், நான் எங்கள் கிணறு கரிக்கவில்லை என்றேன். இரண்டு பேர் சொன்னதையும் விடுங்கள். தீர்ப்புச் சொல்லும் முன்னால் நீங்களே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அண்ணனுக்கும் ஒரு டம்ளர் கொடுக்கச் சொல்லுங்கள், வெகுநேரம் பேசியிருக்கிறார்.

வணக்கம்.