ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் கணினி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கணினிக்குள் இருந்து ஆம், இல்லை என்று முடிவு சொல்லும் சின்னஞ்சிறு மின்சுற்றுகளான லாஜிக் கேட்டுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று தருமபுரி வானொலி நிலையத்தார் கேட்டதும், என் நினைவுக்கு வந்தது பாலக்கோட்டில் எங்கள் கிணற்று மேட்டில் இருக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிதான்.

அந்தப் பெட்டியின் பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். ஆனாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது எப்படி? பொத்தான் வழியே மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கிறது. அந்த இழுப்பில் மோட்டாருக்கான மூன்று முனைகளும் சேர்வதோடு, பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாக இருக்கும் சிறிய முனை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பொத்தானை விட்ட பிறகு, காயிலுக்கு மின்சாரம் அந்தச் சிறிய முனை வழியாகவே வருகிறது.

இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்ப்போம். பச்சைப் பொத்தானாவது சிறிய முனையாவது சேர்ந்திருக்க வேண்டும். சிவப்புப் பொத்தான் அழுத்தப்படாமலும், மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் சுற்றைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே விழாமலும் இருக்க வேண்டும். இதில் வரும் ‘ஆவது’ தான் ஆர் கேட், ‘உம்’ தான் ஆண்ட் கேட், ‘ஆமல்’ தான் நாட் கேட். மின்சுற்றில் ‘ஆவது’ பக்க இணைப்பாகவும் ‘உம்’ தொடர் இணைப்பாகவும் அமைகின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ‘காப்பியா, டீயா’ என்று விருந்தாளியைக் கேட்கும்போது இரண்டையும் கொடுப்பதாக நாம் நினைப்பதில்லை, ஆர் கேட்டோ இரண்டும் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். இரண்டில் ஒன்று மட்டுமே என்றால் அது எக்ஸார் கேட். மாடிப்படியில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகச் சுவிட்சு வைத்த விளக்கு அந்த வகை.

ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் 1854-இல் மெய், பொய் என்பவற்றைக் கொண்டே கணக்குப் போடும் இயற்கணிதத்தை நூலாக வெளியிட்டார். காயிலின் காந்தத்தால் முனைகளைச் சேர்த்தும் விலக்கியும் வேலை செய்யும் ரிலே சுற்றுகளை அந்த இயற்கணிதத்தால் வடிவமைக்கலாம் என்று 1937-இல், தமது 21-ஆம் வயதில், முதுநிலை ஆய்வேட்டில் காட்டினார் அமெரிக்கரான கிளாட் ஷானன். அவர் எழுதியது நம் ஸ்டார்ட்டரின் உறவுக்காரச் சுற்றுகளைப் பற்றித்தான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

கணினியில் இரும்புத் துண்டின் வேலையை, மின்சாரத்தாலேயே திறந்து மூடும் நுண்ணிய சுவிட்சான டிரான்சிஸ்டர் செய்கிறது. மாணவர்கள் ஆய்வகத்தில் கையாளும் 7400 என்ற சிப்புக்கு 14 கால்கள். உள்ளே நான்கு நாண்ட் கேட்டுகள். ஆண்ட் கேட்டின் விடையைத் தலைகீழாக்கித் தருவது நாண்ட். 5 வோல்ட்டில் இயங்கும் இந்தச் சிப்பு, தனக்கு வரும் மின்னழுத்தம் 0.8 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் 0, அதாவது பொய் என்றும், 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1, அதாவது மெய் என்றும் எடுத்துக்கொள்ளும். ரிலே ஒருமுறை அசைய மில்லி நொடிகள் ஆகும். இந்தச் சிப்பின் கேட்டுக்கு ஏறக்குறைய 10 நானோ நொடி போதும். நாண்ட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே மற்ற எல்லாக் கேட்டுகளையும் கட்டிவிடலாம்.

கூட்டல் கணக்கும் இப்படித்தான் நடக்கிறது. 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டுமே கொண்டு எழுதும் இரும எண்களில் 1-உம் 1-உம் கூடினால் 10. கடைசி இலக்கமான 0-ஐ எக்ஸார் தருகிறது. மேலே கொண்டுபோகும் 1-ஐ ஆண்ட் தருகிறது. 1971-இல் வந்த இன்டெல் 4004 என்ற செயலிச் சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய செயலிகள் பலவற்றில் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கின்றன.

மீண்டும் கிணற்று மேட்டுக்கு வருகிறேன். இரவில் மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத நாட்களில், என் தந்தையார் பச்சைப் பொத்தானில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிவிட்டுப் படுத்துவிடுவார். ஆர் கேட்டின் ஒரு கால் நிரந்தரமாக 1 ஆகிவிட்டது. மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடும். ஒருநாள் கிணறு வற்றியது தெரியாமல் விடியும்வரை ஓடி மோட்டார் கருகிப்போக, அதன் காயிலைப் புதிதாகச் சுற்றக் கொடுத்தோம். குச்சி இல்லாவிட்டால், மின்சாரம் போனதும் சிறிய முனை விலகிவிடும். தான் ஓடிக்கொண்டிருந்ததை அந்தப் பெட்டி மறந்துவிடும்.

செயலிக்குள் இருக்கும் வேக நினைவகமும் இதே உத்திதான். இரண்டு நாட் கேட்டுகள், ஒன்றின் விடையை மற்றொன்று வாங்கி, ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு 0-வையோ ஒரு 1-ஐயோ காத்து வைக்கின்றன. மின்சாரம் நின்றதும் அவையும் மறந்துவிடுகின்றன. கணினியின் முதன்மை நினைவகம் வேறு வகையில் அமைந்தது என்றாலும், மின்சாரம் நின்றதும் அதுவும் மறந்துவிடும். அதனால்தான் சேமிக்காமல் விட்ட கடிதம், கரண்ட் போய் வந்த பிறகு கணினியில் இருப்பதில்லை. வணக்கம்.