செம்பில் வெட்டிய எராஸ்மஸ்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் பழைய பித்தளைக் குடம் இருந்தால் அதன் கழுத்தைத் தடவிப் பாருங்கள். பாட்டியின் பெயர் விரலில் தட்டுப்படும். பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து, சிற்றுளியால் தட்டித் தட்டி ஒருவர் வெட்டிக் கொடுத்த பெயர். நான் பேசப்போகும் படமும் உலோகத்தில் வெட்டியதுதான். 1526ஆம் ஆண்டு, ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் செப்புத் தகட்டில் வெட்டிய எராஸ்மஸின் உருவம்.

எராஸ்மஸ், ராட்டர்டாமில் பிறந்த கிறித்தவ அறிஞர். கிரேக்க மொழிப் புதிய ஏற்பாட்டை 1516இல் முதன்முதலாக அச்சிட்டு வெளியிட்டவர். 1520இல் டியூரர் அவரை நேரில் பார்த்துக் கரியால் வரைந்தார். தகட்டில் வெட்டியதோ ஆறு ஆண்டு கழித்து.

குடத்தில் வெட்டிய பெயரை அப்படியே படிக்கலாம். டியூரரின் தகட்டை அப்படிப் படிக்க முடியாது. ரப்பர் ஸ்டாம்பை நினைத்துக்கொள்ளுங்கள்; எல்லாம் இடவலம் மாறி இருக்கும். கோட்டுப் பள்ளங்களில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். பள்ளத்து மை தாளில் ஏறும். அப்போதுதான் உருவம் நேராகும். பென்சில் கோட்டைப் போல அழித்துவிட்டு மறுபடி போடுகிற வேலை அன்று.

தாளில் என்ன தெரிகிறது? எராஸ்மஸ் மேசைமுன் எழுதிக்கொண்டிருக்கிறார். வலக்கையில் இறகுப் பேனா, இடக்கையில் மைக்கூடு. பார்வை தாழ்ந்திருக்கிறது. முன்னே தடித்த புத்தகங்கள், பக்கத்தில் ஒரு சாடியில் பூங்கொத்து. இந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம் நான் ஒன்றையே சொல்வேன்: முகத்தைப் பிறகு பாருங்கள், முதலில் கைகளைப் பாருங்கள். பேனாவைப் பிடித்திருக்கும் விரல்களில் அவசரமே இல்லை. நம்மை ஏறிட்டுப் பார்க்கவும் அவருக்கு நேரமில்லை. வாழ்நாளெல்லாம் எழுதிய கை அது.

முகச்சாயல் சரியில்லை என்பது பழைய குறை. எராஸ்மஸுக்கே அது நிறைவளிக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் இருந்தவன் அல்லன் நான், பிறகு எப்படி ஒத்திருக்கும் என்ற பொருளில் நண்பர் பிர்க்ஹைமருக்கு எழுதினார். எனக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை. ஏனென்றால் படத்திலேயே, பின்னால் உள்ள பெரிய பலகையில், ஒரு கிரேக்க வாசகம் இருக்கிறது: இதைவிட மேலான உருவத்தை அவருடைய நூல்கள் காட்டும். இது டியூரர் புதிதாக எழுதியதும் அன்று. 1519இல் குவென்டின் மாட்சிஸ் செய்த எராஸ்மஸ் பதக்கத்திலும் இதே வாசகம்தான். ஓர் அறிஞரின் படத்தில் இப்படி எழுதிவைத்த பிறகு, மூக்கு சரியா, கன்னம் சரியா என்று பார்ப்பது எதற்கு? மறுபடியும் சொல்கிறேன், கைகளைப் பாருங்கள்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். அதே 1526இல் டியூரர் வெட்டிய, பிலிப் மெலாங்க்தன் என்ற அறிஞரின் படத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதில் உள்ள இலத்தீன் வரிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பிலிப்பின் முகத்தை டியூரரால் வரைய முடிந்தது, தேர்ந்த அந்தக் கையால் அவர் மனத்தை வரைய முடியவில்லை. இன்னொன்று. டியூரர் காலமான 1528ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எராஸ்மஸ் அவரை மனம் திறந்து பாராட்டினார். பழங்காலக் கிரேக்க ஓவியர் அப்பெல்லஸுக்கு வண்ணங்கள் தேவைப்பட்டன. டியூரருக்குக் கறுப்புக் கோடுகளே போதும், அவற்றின்மேல் வண்ணம் பூசினால் படம் கெட்டுவிடும் என்றார். வணக்கம்.