போர்டு வைத்த வீட்டை ஓனரிடமே நேராக வாங்கினால் கமிஷன் மிச்சமா?

டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் ஒரு வீடு பிடித்துப்போகிறது. வாசலில் ஏஜென்ட் போர்டு. ஓனரோ உங்களுக்குத் தெரிந்தவர். "ஏஜென்ட் எதுக்குங்க நடுவுல, நாமே பேசி முடிச்சுக்கலாம்" என்கிறார். ஊரில் புரோக்கரை ஓரங்கட்டிப் பழகிய நமக்கு இதைக் கேட்டதும் கை துறுதுறுக்கும்.

சரி, ஓனரோடு நீங்கள் பேசுவது குற்றமா? இல்லை. ஆனால் அவர் ஏஜென்டுக்கு ஏற்கெனவே ஒரு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை நீங்கள் பார்த்ததே இல்லை.

(திரையில்: லிஸ்டிங் ஒப்பந்தம், கமிஷன் பகுதி பெரிதாகத் தெரிகிறது)

அமெரிக்காவில் பெரும்பாலும் போடுவது 'எக்ஸ்க்ளூசிவ் ரைட் டு செல்' ஒப்பந்தம். வாங்குபவரை யார் கூட்டிவந்தாலும், ஓனரே கண்டுபிடித்தாலும், ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. 'எக்ஸ்க்ளூசிவ் ஏஜென்சி' என்று இன்னொன்று இருக்கிறது, அதில் ஓனர் தானே ஆள் பிடித்தால் கமிஷன் கிடையாது, ஆனால் அது அபூர்வம்.

"அப்போ ஒப்பந்தம் முடியட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று தோன்றும். அதற்கும் பூட்டு போட்டிருப்பார்கள்: 'புரொடெக்‌ஷன் பீரியட்'. ஒப்பந்தம் இருந்தபோது வீட்டைப் பார்த்தவர், அது முடிந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்கினால் பெரும்பாலும் ஓனர் கமிஷன் கொடுக்க வேண்டிவரும். ஒப்பந்தத்தை மீறச்சொல்லி ஓனரைத் தூண்டிவிட்டீர்கள் என்று நிரூபணமானால் வழக்கு உங்கள் பக்கமும் திரும்பலாம்.

ஆக, ஏஜென்டுக்கு நாமம் போட முடியாது. ஆனால் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது, அது வேறு இடத்தில் இருக்கிறது.

(திரையில்: 4,50,000 டாலர்)

உதாரணத்துக்கு, விலை 4,50,000 டாலர். ஓனர் தன் ஏஜென்டுக்கு 3 சதவீதம், வாங்குபவரின் ஏஜென்டுக்கு 2 சதவீதம் என்று ஒதுக்கியிருக்கிறார். உங்களுக்கு ஏஜென்டே இல்லையென்றால் அந்த 2 சதவீதம், அதாவது 9,000 டாலர், யாருக்கு? தானாக உங்களுக்கு வராது. சில ஒப்பந்தங்களில் மொத்தமும் ஓனரின் ஏஜென்டுக்கே போகும். அதனால் ஆஃபர் எழுதும்போதே "எனக்கு ஏஜென்ட் இல்லை, அந்தத் தொகையை விலையில் குறையுங்கள்" என்று கேளுங்கள், ஓனரின் ஏஜென்ட் மூலமாகவே கேளுங்கள். 2024 ஆகஸ்ட் 17-க்குப் பிறகு வாங்குபவரின் ஏஜென்டுக்கான கமிஷனை எம்எல்எஸ் பட்டியலில் (விற்பனைக்கு வரும் வீடுகளை ஏஜென்டுகள் பகிரும் பொதுப் பட்டியல்) போடுவதே நின்றுவிட்டது. எல்லாம் பேரத்துக்கு வந்துவிட்டதால் இப்போது கேட்பது சகஜம்.

ஒன்றை மறக்காதீர்கள், அந்த ஏஜென்ட் சிரித்துப் பேசினாலும் ஓனரின் ஆள். "5,000 வரை ஏறலாம்" என்று அவரிடம் வாய்விட்டால் அது நேரே ஓனர் காதுக்குப் போகும். டெக்சாஸில் ஒரே புரோக்கர் இரண்டு பக்கத்துக்கும் வேலை பார்க்க வேண்டுமானால், இருவரின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு 'இன்டர்மீடியரி'யாகத்தான் முடியும். அதிலும் அவர் உங்களுக்காக வாதாட மாட்டார். என்னைக் கேட்டால், மிச்சமாகும் 9,000-இல் கொஞ்சம் எடுத்து ரியல் எஸ்டேட் வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுவேன். வீட்டைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் செலவிலும் கஞ்சத்தனம் வேண்டாம், ஆப்ஷன் பீரியட் (காரணம் சொல்லாமலே நீங்கள் பின்வாங்கக்கூடிய நாட்கள்) முடிவதற்குள் அவர் கூரையில் ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் அட்வான்ஸ். தெரிந்தவர்தானே என்று ஓனருக்கு ஸெல் (Zelle) ஆப்பில் பணம் அனுப்பிவிடாதீர்கள், அது டைட்டில் கம்பெனியின் (வீட்டின் உரிமையைச் சரிபார்த்து விற்பனையை முடித்துவைக்கும் நிறுவனம்) எஸ்க்ரோ கணக்குக்கு, அதாவது இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தை வைத்திருக்கும் கணக்குக்குப் போகட்டும். கணக்கு எண் ஈமெயிலில் வந்தால், உங்களிடம் முன்பே இருக்கும் நம்பரில் அவர்களைக் கூப்பிட்டு உறுதிசெய்த பிறகு அனுப்புங்கள்.