குதிரைக் கதை எழுத விழைவோருக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் சிங்கப்பூரில் சிறுகதை எழுதப் பழகும் இளையர்களிலும், பிள்ளைகளுக்காகக் கதை எழுத முனையும் ஆசிரியர்களிலும், குதிரையை நாயகனாக வைத்து எழுத விரும்புவோர் சிலர் எப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தென்படுகிறது. கதையில் வரும் குதிரை ஒருவரைச் சுமந்து ஓடுகிறது, கனைக்கிறது, புழுதியைக் கிளப்புகிறது. அதற்கு மேல் அதற்கென்று ஒரு வாழ்க்கை இல்லை. ஆர்வம் நிறையவே இருக்கிறது, செய்திதான் போதவில்லை. அந்தச் செய்தியை எங்கே தேடலாம் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் தேடிப் படிக்க வேண்டியவை கதை நூல்கள் அல்ல. குதிரை வளர்ப்பு, குதிரையேற்றம், கால்நடை மருத்துவம் ஆகியவை பற்றிய கையேடுகள். நம் பொது நூலகங்களில் இவை ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. அவற்றில் தெரிந்துகொள்ளக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். தலையின் இரு பக்கமும் கண்கள் அமைந்திருப்பதால் குதிரை ஏறத்தாழத் தன்னைச் சுற்றிலும் பார்க்கிறது. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பழகிய ஆள் தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்குகிறார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே நமக்கு ஒரு நாளில் தீர்ந்துவிடும் வயிற்றுவலி அதன் உயிரையே வாங்கிவிடக்கூடும். அது நின்றபடியே கண்ணயரும் என்பது பலருக்கும் தெரியும். ஆழ்ந்து உறங்க வேண்டுமானால் அதுவும் படுத்தாக வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பது குறைந்து, நின்றே போய்விடுவதும் உண்டு. குளிர்நாட்டில் பிறந்து நம் ஊருக்குக் கப்பலேறி வந்த ஒரு குதிரைக்கு இது நேர்ந்தால், அதைப் பார்த்துக்கொள்பவர் எத்தனை முறை தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார், எந்த நேரத்தில் வெளியே நடத்துவார் என்று எண்ணிப் பாருங்கள். கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஓட்டத்தை எழுதுவோர் குளம்போசையைக் காதால் கேட்டுப் பழக வேண்டும். நான்கு கால்களும் ஒரு சுற்று எடுத்துவைப்பதற்குள், மெல்ல நடக்கும்போது நான்கு தட்டு கேட்கும், சற்று விரைந்த பெருநடையில் இரண்டு, மிதமான பாய்ச்சலில் மூன்று. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் படங்கள், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுகின்றன என்பதைக் காட்டின. அந்தப் படங்களை இன்று இணையத்தில் எளிதாகக் காணலாம்.

தமிழில் நமக்கு முன்னோடிகள் இல்லை என்று யாரும் கருத வேண்டாம். புறநானூற்றில் குதிரையின் வீரத்தைப் பாடும் குதிரை மறம் என்று ஒரு துறையே இருக்கிறது. அதில் எருமை வெளியனார் பாடிய 273ஆம் பாட்டை, கதை எழுத வருவோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். போர் முடிந்து எல்லாருடைய குதிரைகளும் திரும்பிவிட்டன. தன் கணவன் ஏறிச் சென்ற குதிரை மட்டும் வரவில்லையே, வரவில்லையே என்று ஒருத்தி தவிக்கிறாள். இரண்டு பேராறுகள் கலக்கும் இடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் போல அது சாய்ந்துவிட்டதோ என்று அஞ்சுகிறாள். கணவன் மாண்டானா என்று அவள் ஓரிடத்திலும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் குதிரையைப் பற்றித்தான். ஒரு விலங்கின் வரவுக்காகக் காத்திருப்பதிலேயே ஒரு பெண்ணின் முழு அச்சத்தையும் வைத்துவிட்ட இந்தப் பாட்டை விடச் சிறந்த பாடநூலை நான் பார்த்ததில்லை. பட்டினப்பாலை, கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் காட்டுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நரி பரியாக்கிய படலத்தைப் பக்திக்காக மட்டும் படிக்காமல், குதிரை வாணிகம் அன்று எப்படி நடந்தது என்பதற்காகவும் படிக்கலாம்.

இனி நம் ஊர். 1842இல் தொடங்கிய பந்தயச் சங்கம் ஃபேரர் பார்க்கில் குதிரைகளை ஓடவிட்டது. 1933இல் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறியது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் நடந்தது. தேக்காவில் நாம் அன்றாடம் கடக்கும் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்தது அந்த முதல் திடல்தான். 1919இல் அதே திடலில் விமானம் இறங்கியது. 1942 பிப்ரவரியில் இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும் அங்கேதான். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களோடு தமிழ் முரசின் பழைய இதழ்களும் உள்ளன. அங்கே வெற்றி பெற்ற குதிரைகளின் பெயர்களைத் தேடுவதோடு நின்றுவிடாதீர்கள். ‘சைஸ்’ என்று அழைக்கப்பட்ட குதிரைக்காரர்களைத் தேடுங்கள்; குதிரை ஏல விளம்பரங்களையும், வண்டி விபத்து, வழக்குமன்றச் செய்திகளையும் தேடுங்கள். இந்தோனேசியாவின் பாவியான் தீவிலிருந்து வந்தவர்கள் பலர் இந்த ஊரில் குதிரைக்காரர் வேலையைச் செய்தார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் கேட்க வேண்டும். சிலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி வேண்டும்.

ஆனால் எழுதப்படாத செய்திகளே மிகுதி, அவை மனிதர்களிடம் இருக்கின்றன. கிராஞ்சி லாயங்களில் வேலை பார்த்தவர்கள் இப்போது வேறு வேலைகளுக்கும் வேறு நாடுகளுக்கும் பிரிந்து செல்கிறார்கள். அந்த நிலமும் 2027இல் அரசாங்கத்திடம் திரும்புகிறது. உங்கள் உறவிலோ அண்டை வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே போய்ப் பேசுங்கள். எந்தக் குதிரை பரிசு வாங்கியது என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பதில் முடிந்துவிடும். எது தீனி எடுக்காமல் அடம்பிடித்தது, எது யார் கைக்கு மட்டும் அடங்கியது, விடியுமுன் லாயத்தில் முதல் வேலை என்ன, லாடம் கழன்றதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேளுங்கள். பேச்சைப் பதிவு செய்வதற்கும், கதையில் பயன்படுத்துவதற்கும் அவர்களுடைய இசைவைப் பெறுவது கட்டாயம்.

பந்தயம் நின்றாலும் குதிரைகள் இந்தத் தீவை விட்டு முழுவதும் போய்விடவில்லை. குதிரை மேலிருந்து பந்தாடும் போலோ விளையாட்டுக்கென 1886இல் தோன்றிய சங்கம் இருக்கிறது. குதிரையேற்றப் பயிற்சி தரும் இடங்களும் உள்ளன. கட்டணம் சிலருக்குச் சுமையாகத் தோன்றலாம். அவர்களுக்கு நான் சொல்லும் வழி தொண்டூழியம். உடற்குறை உள்ளோருக்குக் குதிரையேற்றத்தை ஒரு சிகிச்சையாக அளிக்கும் சங்கம் ஒன்று இங்கே இயங்குகிறது. பிள்ளை குதிரை மேல் அமர்ந்திருக்க, ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்துவார், மற்றவர்கள் பக்கத்தில் நடந்து வருவார்கள். அப்படி நடக்க முன்வருவோருக்கு அந்த வேலைக்கான பயிற்சியும் அங்கேயே கிடைக்கும். சேரும் முறையைச் சங்கத்திடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூடிய காலணி அணிந்து செல்லுங்கள். குறிப்பேட்டை மட்டும் பையிலேயே வைத்துவிட்டு, பார்த்ததை வெளியே வந்த பிறகு எழுதுங்கள், ஏனெனில் அங்கே இருக்கும் நேரம் முழுவதும் உங்கள் கவனம் அந்தப் பிள்ளையிடமும் குதிரையிடமும் இருந்தாக வேண்டும். நன்றி, வணக்கம்.