கரப்பானுக்கு எழுதிவைத்த சொத்தா? (ஆல்பம் அணியின் உரை)

நடுவர் ஐயா, மேடை, சபை, மழைக்கு ஒதுங்க வந்து மாட்டிக்கிட்டவங்க, எல்லாருக்கும் ஒரே வணக்கம். எனக்குத் தந்தது பன்னிரண்டு நிமிசம். எனக்கு முன்னால பேசின தம்பி பதினெட்டு நிமிசம் பேசிட்டாரு. அவர் கூடுதலா எடுத்த ஆறு நிமிசத்தை என் கணக்குல எழுதிடாதீங்க.

தலைப்பு: குடும்ப நினைவுகளைக் காப்பது கையால் ஒட்டிய ஆல்பமா, கையில் இருக்கும் போனா? நான் ஆல்பம் கட்சி. நாலு பாயிண்டு எழுதிக்கிட்டு வந்தேன். நாலையும் மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டேன். ஏன்னா தம்பி ஒரு வார்த்தை விட்டுட்டாரு. "ஆல்பம்ங்கிறது கரப்பானுக்கு எழுதிவச்ச சொத்து"ன்னாரு. நீங்களும் தட்டுனீங்க பாருங்க ஒரு கைதட்டல்! இந்தச் சபையில எத்தனை வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் கரப்பான் முடிச்சிருக்குன்னு அந்தச் சத்தத்துலயே தெரிஞ்சு போச்சு. ஆகையால, இந்தக் கரப்பான் வழக்கை விசாரிச்சுட்டுத்தான் நான் உக்காருவேன்.

தின்னுச்சு. ஒத்துக்கிறேன். எதைத் தின்னுச்சு? ரொட்டிக்குப் பிசைஞ்ச கோதுமை மாவுல மிச்சம் பிடிச்சு, அடுப்புல கிண்டி, படத்தோட முதுகு முழுக்கத் தடவி ஒட்டினது கரப்பானா? நாம. மாப் பசைன்னா கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. ஈரம் சேர்ந்தா பூஞ்சைக்கும் விருந்து. சில வீட்டுல கெட்டிக்காரத்தனம் கூடிப்போய், பூச்சி வராம இருக்கப் பசையில மயில்துத்தம் கலப்பாங்க. பூச்சி வராதுதான். அதுல இருக்கிற தாமிரம் நாளாக ஆகத் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கிடும். பூச்சிகிட்ட இருந்து காப்பாத்தி, மருந்துகிட்ட பறிகொடுத்த கதை.

சட்டம் ஒன்னே ஒன்னு: படத்துல பசை படவே கூடாது. நாலு மூலைக்கும் நாலு கார்னர் போதும். கடையில கிடைக்கலைன்னா நாமளே மடிக்கலாம். ஒரு அங்குல நீளம், அரை அங்குல அகலத்துக்கு ஒரு தாள் துண்டு வெட்டுங்க. மேல் விளிம்புல நடுப்புள்ளியைக் குறிச்சுக்கிட்டு, அங்கிருந்து ரெண்டு பக்க முனையையும் கீழே நடுவுக்கு மடிச்சா முக்கோணப் பை மாதிரி வரும். மடிப்பு விழுந்த பக்கத்தை ஆல்பத் தாள்ல ஒட்டுங்க. பசை தாளுக்கு, பை படத்துக்கு. பத்து வருசம் கழிச்சுப் படத்தை உருவி எடுத்துப் பின்னால என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலாம். மாப் பசை போட்டு ஒட்டின படத்தோட பின்பக்கத்தை எந்தப் பேரன் பார்க்கப் போறான்?

செலோடேப்பும் ஆகாது. அந்தப் பிசின் மஞ்சளாகி உள்ளே இறங்கிடும். டேப்பு உதிர்ந்து விழுந்தாலும் கறை போகாது. ரப்பர் பேண்டு உருகி ஒட்டும், கிளிப்பும் ஸ்டேப்ளர் கம்பியும் நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரே மழைக்காலத்துல துரு ஏறும். லேமினேட்? ஐயோ, வேண்டவே வேண்டாம். சூட்டுல போட்டு ஒட்டினதைப் பிறகு பிரிக்க வழியே இல்ல. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை லேமினேட் பண்ணி வச்சிருக்கிறவங்க இங்கே எத்தனை பேருன்னு நான் கேட்கல, பொங்கல் நாளாச்சே.

"நாங்க பசையே தடவல, பிளாஸ்டிக் சீட்டைத் தூக்கி உள்ளே வைக்கிற ஒட்டுப்பக்க ஆல்பம்தான் வாங்கினோம்"னு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுக்கிறாங்க. அம்மா, அது மாப் பசையை விடக் கொடுமை. பக்கம் முழுக்கப் பிசின் கோடு கோடா இருக்கும். வருசம் போகப் போக அது பழுத்துப் படத்தைப் பிடிச்சுக்கும். இழுத்தா முகம் கிழியும். அப்படி மாட்டின படம் இருந்தா, முதல்ல பக்கத்தை அப்படியே போன்ல படம் எடுத்துக்குங்க. தம்பி, சந்தோசப்படுங்க, உங்க போனுக்கு ஒரு வேலை வந்துருச்சு. பிறகு பல்லிடுக்குல விடுற, மெழுகு பூசாத நூலைப் படத்துக்கு அடியில விட்டு, மூலையில இருந்து மெதுவா முன்னும் பின்னும் அறுத்துக்கிட்டே போகணும். சூடு காட்டக் கூடாது, தண்ணி தெளிக்கக் கூடாது. வராத படத்தை விட்டுடுங்க. பக்கத்தோட வெட்டி எடுத்து வச்சாலும் பரவாயில்ல, முகம் மிஞ்சும்.

தாள் வாங்கும்போது அமிலமும், மரக்கூழ்ல இருக்கிற லிக்னினும் இல்லாத தாளான்னு கேட்டு வாங்குங்க. கடைக்காரர் "எல்லாம் நல்ல தாள்தான் அம்மா"ன்னு சொல்வாரு. உறையில "அசிட் ஃப்ரீ"ன்னு அடிச்சிருக்கான்னு பாருங்க. சிஆர் கொப்பியில ஒட்டாதீங்க, அது கணக்கு எழுத. பத்திரிகையில வந்த மரண அறிவித்தலை அப்படியே வெட்டிப் படத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க, அதுல இருக்கிற லிக்னின் அதையும் மஞ்சளாக்கி, பக்கத்துல இருக்கிறதையும் மஞ்சளாக்கும். நல்ல தாள்ல நகல் எடுத்து ஒட்டுங்க. உறை பாலிப்ரோப்பிலீனா பாலியெஸ்டரா இருக்கட்டும். திறந்ததும் குப்புன்னு பிளாஸ்டிக் வாசம் அடிச்சா அது பிவிசி, வாங்காதீங்க. மூக்கே ஆய்வுகூடம்.

இந்த இலங்கை மலையகத்துல நமக்கு உண்மையான எதிரி கரப்பான் கிடையாது, ஈரம். காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சைக்கு வாசல் திறந்தாச்சு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆல்பம் ஒட்ட உக்காராதீங்க, தாளுக்குள்ள ஏறின ஈரத்தையும் சேர்த்து உறைக்குள்ள பூட்டிடுவீங்க. பதுளை, பண்டாரவளைக்காரங்களுக்கு நவம்பர், டிசம்பர் ஆகாது. நம்ம பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் நல்ல காலம். அதாவது, இதோ, இன்னைக்குத் தொடங்கலாம். ஆல்பத்தைத் தரையில இருக்கிற டிரங்குப் பெட்டியில போடாதீங்க, வெளிச்சுவர்ல ஒட்டின அலுமாரியில வைக்காதீங்க, அடுப்புக் காம்பராவுக்குக் கிட்டவே கொண்டு போகாதீங்க. சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு மூணு போட்டு வைங்க. நிறம் மாறுற வகையில நிறம் மாறினா, அது ஈரம் குடிச்சு நிறைஞ்சு போச்சுன்னு அர்த்தம், காய வச்சுத்தான் திரும்பப் போடணும்.

இப்ப போனுக்கு வருவோம். தம்பி போன்ல பதினோராயிரம் படமாம். அதுல நாலாயிரம் குட்மார்னிங். ரெண்டாயிரம் பேங்க் ரசீது. மிச்சத்துல ஒரு படத்தைத் தொட்டு, "இது யாரு தம்பி?"ன்னு கேளுங்க. அதுக்குத்தான் இந்தக் கதை.

தலவாக்கலைப் பக்கம் ஒரு குடும்பம். பேர் சொல்ல மாட்டேன், சொந்தக்காரங்க முன்வரிசையில இருந்தாலும் இருப்பாங்க. காம்பராவுல சாமிப் படத்துக்குப் பக்கத்துல ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டூடியோப் படம். ஒரு நாற்காலியில தாத்தா. பக்கத்து நாற்காலியில கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். பின்னால பாட்டி, பிள்ளைங்க. கோட்டுக்காரர் யாருன்னு யாருக்கும் தெரியாது. படத்துக்குப் பின்னால ஒரு எழுத்துக் கிடையாது.

மூத்த பேரன் சொன்னாரு, "தாத்தாவோட அண்ணன்." நடுவுல உள்ளவர் சொன்னாரு, "கோட்டைப் பாரு, பெரிய கங்காணி." கொழும்புல வேலை செய்யிற இளையவர் சொன்னாரு, "நம்ம வம்சத்துல முதல் படிச்சவர்." முடிஞ்சுது. பொங்கலுக்குப் பொங்கல் தாத்தாவுக்குச் செவ்வந்தி மாலை, கோட்டுக்காரருக்கு ரோசா மாலை. ஓஎல் பரீட்சைக்குப் போற பிள்ளை கோட்டுக்காரர் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் படியிறங்கும். கடைக்குட்டிக்கு அவர் மூக்காம். அந்த மூக்கைத் தடவித் தடவியே வளர்த்திருக்காங்க.

ஒரு பொங்கலுக்குத் திருச்சியில இருந்து ஒரு அத்தை வந்தாங்க. தாத்தாவோட தம்பி மகள். படத்தைப் பார்த்தாங்க. மாலையைப் பார்த்தாங்க. "ஏன்டா, இந்த ஆளுக்கா மாலை? இவன் வட்டிக்காரன்டா! வசூலுக்கு வந்தவன் ஸ்டூடியோ வரைக்கும் பின்னாலயே வந்துட்டான். காசு வாங்காம நகர மாட்டேன்னு நாற்காலியில உக்காந்தான், போட்டோக்காரர் அமுக்கிட்டாரு!"

பின்வரிசைக்குக் கேட்கலையாம், திரும்பச் சொல்றேன். வட்டிக்காரர்! நடுவர் ஐயா, அசலும் கட்டியாச்சு, வட்டியும் கட்டியாச்சு, அதுக்கும் மேல வருசா வருசம் மாலையும் கட்டியிருக்காங்க. பிள்ளைக்கு மூக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு நான் ஆராய்ச்சி பண்ணல, அது என் தலைப்புக்கு வெளியே.

பேர் எழுதாத படத்துக்கு ஆளாளுக்கு ஒரு பேர் வைப்பாங்க. எழுதுங்க. பழைய தாள் படம்னா 2பி பென்சிலால பின்பக்க ஓரத்துல, அமுக்காம. போல்பொயிண்ட் பேனா அமுக்கினா முன்பக்கம் கோடு புடைக்கும். பிளாட்டிக்னம் கலர் பேனாவோ ஈரம் பட்டதும் ஓடிடும். வழவழன்னு பிளாஸ்டிக் பூச்சு உள்ள கலர் படத்துல பென்சில் பிடிக்காது, அதுக்கு ஆல்பத் தாள்லயே ஈரத்துல ஓடாத பிக்மென்ட் மை பேனாவால பக்கத்துல எழுதணும். முன்வரிசை, இடமிருந்து வலம், பேர், உறவு, ஊர், வருசம். தெரியாத ஆளுக்கு ஒரு கேள்விக்குறி போடுங்க, கற்பனை பண்ணி மாலை போடாதீங்க. பக்கத்துக்கு ஒரு பெரிய படம், துணைக்கு ரெண்டு. அதுக்கு மேல அடைச்சா சந்தைக்கடை. படத்தோட வேற என்ன வைக்கலாம்? இந்தியாவுல இருந்து வந்த ஏரோகிராம் கடுதாசி, பாட்டி சேலையில ஒரு துண்டு. துண்டை ஒட்டாம நாலு தையல் போட்டுப் பிடிச்சிடுங்க. தேயிலையில ரெண்டு இலை ஒரு மொட்டுப் பறிச்சு, தாளுக்கு நடுவுல பாரம் வச்சு, தாளை மாத்தி மாத்தி ரெண்டு கிழமை காய வச்சதும் வைக்கலாம், ஆனா தனி உறையில. இலையில இருக்கிற அமிலம் படத்துல படக்கூடாது.

இன்னும் ஒன்னு. இப்ப ஒரு மோகம், படத்தை இதயம் மாதிரி, நட்சத்திரம் மாதிரி வெட்டி ஒட்டுறது. வெட்டுங்க, நகலை வெட்டுங்க. மூலப்படத்தை 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) தெளிவுல ஸ்கேன் பண்ணி, பிரிண்ட் எடுத்து, அதுல உங்க கத்தரிக்கோல் ஆசையைத் தீர்த்துக்குங்க.

ஏன் சொல்றேன்னா, அந்தத் திருச்சி அத்தை கதை இன்னும் முடியல.

சிரிச்சு ஓய்ஞ்சதும் அந்த அம்மா கேட்டாங்களாம், "நாங்க எங்கடா?" யாருக்கும் விளங்கல. அவங்க பைக்குள்ள இருந்து தன்னோட படத்தை எடுத்தாங்க. அதே ஸ்டூடியோ, அதே நாள். ரெண்டு காப்பி போட்டு, வீட்டுக்கு ஒன்னா எடுத்துக்கிட்டாங்க. அதுல வலப்பக்கம் இன்னும் நாலு பேர். தாத்தாவோட தம்பி, அவர் சம்சாரம், கைக்குழந்தை, ரெட்டைச் சடையில ஒரு சின்னப் பிள்ளை. இங்கே மாட்டின படத்துல அந்த நாலு பேர் இல்ல. பிரேம் சின்னதா இருந்துச்சு, ரெண்டு அங்குலம் வெட்டிட்டாங்க.

1964 அக்டோபர் 30, டெல்லியில இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. 5,25,000 பேர் அங்கே இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே இலங்கையில. நம்ம ஆளுகளைத் தலையெண்ணிப் பிரிச்சாங்க. தோட்டத்து வரிசைவீடு, ஒரே லயத்துல ஒரு காம்பராவுக்கு அந்த நாடு, அடுத்த காம்பராவுக்கு இந்த நாடு. கோச்சி ஏறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல்ல இராமேஸ்வரம். கிளம்புறதுக்கு முன்னால ஸ்டூடியோவுக்குப் போய் எல்லாரும் ஒன்னா நின்னு எடுத்த படம் அது. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே சட்டத்துக்குள்ள நின்ன கடைசி நாள். அதைத்தான் ரெண்டு அங்குலத்துல பிரிச்சு வச்சிருக்காங்க. வட்டிக்காரருக்கு ரோசா மாலை, கூடப் பொறந்தவனுக்குக் கத்தரிக்கோல்!

வேணும்னு செஞ்சாங்களா? இல்ல. வலப்பக்கம் நிக்கிறது யாருன்னு சொல்ல ஒரு வரி எழுத்து இல்ல, அவ்வளவுதான். அத்தையோட காப்பியைத் திருப்பினா பென்சில்ல இருக்கு, இடமிருந்து வலம், ஒவ்வொருத்தரும். அண்ணன். வட்டிக்காரர், அவரையும் விடல. அண்ணி. பிள்ளைங்க பேரு. அப்புறம், "நாங்க." அந்தப் படத்தை அவங்க தகப்பன் கடல் தாண்டிக் கொண்டு போய், ஊர் தெரியாத ஊர்ல வச்சுக் காப்பாத்தி, மகள் கையில குடுத்துட்டுப் போயிருக்காரு. அந்த அம்மா அதே படத்தோட திரும்பி வந்து, பொறந்த லயத்து இஸ்தோப்புல, வாசல் திண்ணையில நின்னு "நாங்க எங்கடா"ன்னு கேட்கிறாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது?

நடுவர் ஐயா மணியைத் தொட்டுட்டாரு, பார்த்துட்டேன். ஒரு நிமிசம்.

தம்பி சொன்னதுல ஒன்னை நான் மறுக்க மாட்டேன், ஆல்பம் ஒன்னு மட்டும் இருந்தா அது போனா போச்சு. 2014 அக்டோபர் 29, பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்துல மலை சரிஞ்சு இறங்கினப்ப லயத்தோட எல்லாம் மண்ணுக்குள்ள போச்சு. அப்படி ஒரு நாள்ல ஆல்பமும் போகும், அலுமாரியும் போகும். அதனால ஸ்கேன் பண்ணுங்க. ஒரு காப்பி கொழும்புல இருக்கிற மகன்கிட்ட, ஒரு காப்பி வெளிநாட்டுல இருக்கிற மகள்கிட்ட இருக்கட்டும். வாட்ஸ்அப்புல படமா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமெண்டா அனுப்புங்க.

தீர்ப்பு எப்படி வந்தாலும் எனக்குக் கவலை இல்ல. ராத்திரி வீட்டுக்குப் போனதும் பாட்டிக்கு ஒரு தேத்தண்ணி குடுத்து, பழைய படங்களை மடியில வச்சு, ஒவ்வொரு முகமாத் தொட்டுக் கேளுங்க. ஒருத்தர் பென்சில்ல எழுதணும், ஒருத்தர் பாட்டி சொல்ற குரலைப் பதிவு பண்ணணும். தம்பி, அதுக்கு உங்க போன் வேணும். வரும்போது சார்ஜ் போட்டுட்டு வாங்க, அந்தக் குட்மார்னிங் நாலாயிரத்தையும் அழிச்சுட்டு வாங்க, பாட்டி பேச ஆரம்பிச்சா இடம் பத்தாது.